ராமநாதபுரம் கரையோரப் பாலூட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.பி.பட்டினம் தொடங்கி ரோச்மா நகர் வரை சுமார் 237 கிலோமீட்டர் நீளமுள்ள கரை இது. கடலுக்குள் ஓங்கிலும் ஆவுளியாவும், கரையில் உடைமரத்தடியில் நரியும் முள்ளெலியும் வாழ்கின்றன. கேட்கப்படும் கேள்விகளில் பாதி, ஒரு விலங்கின் பெயரை இன்னொன்றுக்குச் சொல்வதால் வருபவை. அதனால் பெயரிலேயே தொடங்குவோம்.

கடல்பன்றி, கடல்பசு, ஆவுளியா, ஓங்கில்: இவற்றில் எது எது?

ஆவுளியாவும் கடல்பசுவும் ஒன்றுதான். ஓங்கில் என்பது டால்பின். சிக்கல் 'கடல்பன்றி'யில் இருக்கிறது. சில ஊர்களில் ஆவுளியாவை அப்படிச் சொல்வார்கள். வேறு சில ஊர்களில் முதுகில் துடுப்பே இல்லாத சிறிய ஓங்கில் இனம் ஒன்றுக்கு அந்தப் பெயர். "கடல்பன்றி வலையில் விழுந்துவிட்டது" என்று போனில் தகவல் வந்தால் எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "மூக்கு எங்கே இருக்கிறது?"

ஆவுளியாவுக்கு முகத்தின் முன்பக்கம், மேலுதட்டுக்கு மேலே இரண்டு மூக்குத் துளைகள் உண்டு. மூடி போட்டதுபோலத் திறந்து மூடும். உதடு கீழ்நோக்கித் தடித்து மடிந்திருக்கும். அதில் குச்சி போன்ற முடிகள். ஓங்கில் இனம் எதுவானாலும் உச்சந்தலையில் ஒரே ஒரு மூச்சுத்துளைதான். துடுப்பில்லாத கடல்பன்றி உருண்டைத் தலையும் சாம்பல் நிறமுமாக ஒன்றரை மீட்டர் அளவில் நின்றுவிடும். ஆவுளியா 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும். இரண்டுக்குமே முதுகுத் துடுப்பு கிடையாது என்பதால், முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் சொல்ல வேண்டாம்.

சுறாவா, பாலூட்டியா என்ற ஐயத்துக்கு வாலைப் பாருங்கள். மீனின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் ஆடும். பாலூட்டியின் வால் படுக்கையாகக் கிடந்து மேலும் கீழும் அடிக்கும்.

ஆவுளியா பசுவுக்குச் சொந்தமா?

இல்லை. உறவுமுறையில் அது யானைக்குத்தான் பக்கம். வயதுக்கு வந்த ஆணுக்குச் சிறு தந்தம் வெளியே தெரியும். பெண்ணுக்கு முன் துடுப்புகளின் அக்குளில் ஒவ்வொரு காம்பு இருக்கும்.

கடல்புல்லைத் தின்று வாழ்வதால்தான் 'பசு' ஆனது. வளர்ந்த ஒன்று நாளுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். கடல்புல்லும் பாசியும் ஒன்றல்ல. நம் கரைப் பெண்கள் முத்துக்குளித்தாற்போல மூழ்கி எடுக்கும் பாசிக்கு வேர் கிடையாது. கடல்புல் மண்ணில் வேரூன்றி, பூத்துக் காய்க்கும் தாவரம். ஆவுளியா அதை நுனி கிள்ளித் தின்பதில்லை, வேரோடு உழுதெடுக்கும். அது மேய்ந்துபோன இடத்தில் ஒரு சாண் அகலத்தில், சில மீட்டர் நீளத்துக்கு, சவரம் செய்த கோடுபோல வெறும் மணல் தெரியும். தெளிந்த தண்ணீரில் அந்தக் கோடு தெரிந்தால் விலங்கைக் காணாவிட்டாலும் அது அங்கே மேய வருகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

கருக்காலம் 13 மாதத்துக்கு மேல். ஒரு ஈற்றில் ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டு ஆகும். எழுபது வயது வரை வாழக்கூடியது என்றாலும் இந்தக் கணக்கில் ஒரு தாய் வலையில் செத்தால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வடகடலிலும் தென்கடலிலும் ஒரே விலங்குகள்தானா?

பெரும்பாலும் ஆம், ஆனால் விகிதம் வேறு. பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் ஆழம் குறைந்தது, சேறும் புல்லும் நிறைந்தது. ஆவுளியாவுக்கும் துடுப்பில்லாத கடல்பன்றிக்கும் கூன் ஓங்கிலுக்கும் அது தோதான இடம். மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடலில் தீவுகளைத் தாண்டினால் ஆழம் இறங்கும். சுழல் ஓங்கில் கூட்டமும் பெரிய திமிங்கிலங்களும் அந்த ஆழத்தை ஒட்டி வரும். தீவுகளுக்கும் கரைக்கும் இடையிலுள்ள புல்வெளி மறுபடியும் ஆவுளியாவின் இடம்.

காப்பு ஏற்பாடும் இரண்டு பக்கமும் இருக்கிறது. தென்கடலில் 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, 1986 முதல். வடகடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசு காப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது. தொண்டியை எட்டும் முன்பே காப்பகத்தின் கோடு முடிந்துவிடுகிறது என்பது ஆவுளியாவுக்குத் தெரியாது.

வலையில் ஆவுளியா மாட்டியிருக்கிறது. உடனே என்ன செய்வது?

அது மீன் இல்லை, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். சாதாரணமாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை நீட்டும். திருக்கை வலைபோலப் பெரிய கண்ணுள்ள, இரவு முழுக்கக் கிடக்கும் வலைகளில் மாட்டினால் மூச்சடைத்தே சாகும். ஆக, முதல் வேலை வலையை விடுவிப்பதல்ல, மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருவது.

இன்ஜினை நிறுத்துங்கள். சுற்றுகிற விசிறியில் அடிபட்டால் பிழைக்காது. வலையின் மேல்கயிற்றைப் பிடித்து, விலங்கின் தலைப்பக்கம் மேலே வரும்படி மெல்ல இழுங்கள். அது ஒருமுறை மூச்சுவிட்டுவிட்டால் உங்களுக்கு நேரம் கிடைத்துவிடும். அடுத்து வாலையும் இரு துடுப்புகளையும் சுற்றிய கண்ணிகளை அறுங்கள். கத்தி முனையைத் தோலைப் பார்த்து வைக்கக் கூடாது. கண்ணியை விரலால் தூக்கி, வெளிப்பக்கமாக அறுக்க வேண்டும். மொட்டை முனைக் கத்தரிக்கோல் இருந்தால் இன்னும் நல்லது. வாலடிக்கு எட்டாத இடத்தில் ஆள் நிற்க வேண்டும். 400 கிலோவின் வால் அடித்தால் விலா எலும்பு போகும்.

பொதுவாக நடக்கும் தவறு மூன்று. வாலில் கயிறு கட்டி இழுப்பது: தலை தண்ணீருக்குள் போய் மூழ்கடித்துவிடும், தண்டுவடமும் முறியும். படகில் தூக்கிப் போடுவது: தண்ணீர் தாங்கிய உடம்பின் கனம் முழுவதும் நுரையீரல் மேல் இறங்கும். கரைக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்று காத்திருப்பது. அங்கேயே விட்டுவிடுங்கள்.

வலை அறுந்த நட்டம் பெரிது என்பது உண்மை. ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கியிருக்கிறது. அதற்கு ஆதாரம் வேண்டும்: விடுவிக்கும் காணொளி, அறுந்த வலையின் படம், நேரம், ஜி.பி.எஸ். புள்ளி. நால்வர் அறுக்கும்போது ஒருவர் போனைப் பிடிக்கட்டும்.

ஓங்கிலில் எத்தனை வகையை இங்கே பார்க்கலாம்?

கரையிலிருந்தோ நாட்டுப்படகிலிருந்தோ அடிக்கடி கண்ணில் படுவது மூன்று. குப்பிமூக்கு ஓங்கில்: கட்டையான மூக்கு, பின்னால் வளைந்த உயரமான துடுப்பு. கூன் ஓங்கில்: துடுப்புக்கு அடியில் திமில்போல ஒரு மேடு, ஆழமில்லாத இடத்திலேயே நிற்கும். சுழல் ஓங்கில்: மெலிந்து நீண்ட மூக்கு, தாவும்போது உடம்பையே பம்பரமாகச் சுற்றும், கூட்டமாக வரும்.

ஓங்கில் உயிரோடு கரை ஒதுங்கியிருந்தால்?

தள்ளிவிடும் ஆசையை அடக்குங்கள். ஒற்றையாக ஒதுங்குவது பெரும்பாலும் நோயோ காயமோ பட்டதாக இருக்கும். தள்ளினால் வேறொரு கரையில் போய்ச் சாகும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை இதைச் செய்யலாம்.

வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்துங்கள். துடுப்புகள் மடங்காமல் இருக்க, அவற்றுக்கு அடியில் மணலைத் தோண்டிக் குழியாக்கி, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். நனைத்த வேட்டியோ சாக்கோ முதுகில் போட்டு, காயக் காய நனைக்க வேண்டும். மூச்சுத்துளையைத் துணி மூடக் கூடாது, அதற்குள் தண்ணீரும் மணலும் போகக் கூடாது. வெயிலுக்கு மறைப்பாகப் பாயோ தார்ப்பாயோ கட்டலாம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதி வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. அது விடும் மூச்சுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்; கிருமி தொற்றும். கூட்டத்தையும் நாய்களையும் தள்ளி நிறுத்துங்கள். செல்ஃபி எடுக்கிறவர்தான் இந்த இடத்தில் பெரிய தொல்லை.

கூட்டமாக ஒதுங்குவது ஏன்?

பைலட் திமிங்கிலங்களில்தான் இது அதிகம். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, கல்லாமொழி கரைகளில் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. அதே வட்டாரத்தில் 1973இலும் நடந்திருக்கிறது. இவை குடும்பமாகத் திரிபவை. வழிநடத்தும் ஒன்றுக்கு நோய் வந்தாலோ, சரிவான மணல் தரையில் திசை தவறினாலோ மற்றவை அதை விட்டுப் போகாது. ஒன்றைக் கடலில் தள்ளினால், கரையில் கிடக்கும் உறவின் குரல் கேட்டு மறுபடி வந்துவிடும். 2016இலும் தள்ளிவிட்டவை திரும்பி வந்தன. அதனால் கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரே நேரத்தில் ஆழத்துக்கு நடத்த வேண்டும். அதற்குப் பல படகுகளும் ஒரு தலைமையும் தேவை.

செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தை என்ன செய்ய?

தொடாதீர்கள், ஏறி நிற்காதீர்கள். அழுகும்போது உள்ளே காற்று சேர்ந்து உடல் உப்பும். குத்தினால் வெடித்துத் தெறிக்கும். வனத்துறையும் கால்நடை மருத்துவரும் வந்து உடற்கூறாய்வு செய்து, ஜே.சி.பி. கொண்டு அலை எட்டாத மேட்டில் புதைப்பார்கள்.

படம் எடுக்கிறீர்கள் என்றால் பயன்படும்படி எடுங்கள்: முழுப் பக்கவாட்டு, தலை, வாயும் பல்லும், வால், அடிவயிறு. நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுவிலுள்ள பள்ளம் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடம்பின் வளைவை ஒட்டி டேப்பை வைத்தால் அளவு கூடிவிடும். பழைய பதிவுகளில் பாதி இப்படித்தான் கெட்டுப்போகின்றன. செத்த ஓங்கிலின் தோல் உரிந்து நிறம் மாறிவிடுவதால் நிறத்தை நம்பாமல் பல்லை எண்ணுங்கள். தாடையின் ஒரு பக்கத்தில் 40க்கு மேல் பொடிப்பல் இருந்தால் சுழல் ஓங்கில் பக்கம் போகலாம். 30க்குள் தடித்த கூம்புப்பல் என்றால் குப்பிமூக்கு. பல் தட்டையாக மண்வெட்டிபோல இருந்தால் துடுப்பில்லாத கடல்பன்றி.

கரையில் மெழுகுபோல ஒரு கட்டி கிடைத்தது. அம்பரா?

பெரும்பாலும் இல்லை. கப்பல் கழிவு எண்ணெயும் பாமாயில் கட்டியும்தான் அதிகம் ஒதுங்குகின்றன. உண்மையான அம்பர் என்பது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாவது. அதுவே என்றாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கோடி கோடி என்று வாட்ஸ்அப்பில் வரும் விலையை நம்பிக் கையில் எடுத்தவர்கள் கடைசியில் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

நரியும் குள்ளநரியும் ஒன்றா?

வேறு வேறு, ஆனால் எந்தப் பெயர் எதற்கு என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. இங்கே நாம் பெரியதை நரி என்றும் சிறியதைக் குள்ளநரி என்றும் சொல்கிறோம். நரி 8 முதல் 11 கிலோ இருக்கும், நாய் உயரம், அந்தியில் கூட்டமாக ஊளையிடும். குள்ளநரி 3 கிலோ சுற்றுவட்டம்தான். பெரிய காது, புசுபுசு வாலின் நுனி கறுப்பு. கண்மாய்க் கரையிலும் உப்பளத்தை ஒட்டிய வெட்டவெளியிலும் வளை தோண்டி வாழும்.

நரி எதையும் தின்னும்: நண்டு, எலி, இலந்தைப்பழம், செத்த ஆடு, ஆமை முட்டை. ஆட்டுக்குட்டி காணாமல் போனால் நரி மேல் பழி விழும். பெரும்பாலும் தெருநாய்க் கூட்டம்தான் காரணம். ஒரே இரவில் பல குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமல் போயிருந்தால் நாயை முதலில் சந்தேகப்படுங்கள்.

நரிக்கொம்பு என்று ஒன்று கிடையாது. நரிக்குக் கொம்பே இல்லை. விற்கப்படுவது மண்டையோட்டுத் துண்டில் முடி ஒட்டிய மோசடி. அதற்காக ஒரு நரி செத்திருக்கும்.

பதநீர்க் கலயத்தில் இரவில் வாய் வைப்பது எது?

மரநாய். பெயரில் நாய் இருந்தாலும் நாய் இனமில்லை, புனுகுப்பூனையின் உறவு. பனையில் ஏறி இறங்குவது அதற்குத் தினவேலை. புனுகுப்பூனை தரையில் திரியும், உடம்பில் வரிசையாகப் புள்ளியும் வாலில் வளையங்களும் இருக்கும். மரநாய்க்கு வால் ஒரே கறுப்பு. பாறை மேலோ மதில் மேலோ பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் அது மரநாயின் கணக்கு.

பழந்தின்னி வௌவாலும் கலயத்துக்கு வரும். நிபா வைரஸ் வங்கதேசத்தில் வௌவால் வாய் வைத்த பச்சை ஈச்சஞ்சாறு வழியாகப் பரவியதால், பாளைக்கும் கலயத்து வாய்க்கும் சேர்த்து வலைத்துணி கட்டுவது நல்லது. வௌவால் கடித்த பழத்தை ஆட்டுக்கும் போடாதீர்கள். அதற்காக வௌவால் தங்கும் ஆலமரத்தை வெட்டவோ வெடி போடவோ வேண்டாம். கலைந்துபோன கூட்டம் பத்து ஊருக்குப் பரவும், தவிர இரவில் பூக்கும் மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான்.

முள்ளெலி என்பது முள்ளம்பன்றிக் குட்டியா?

இல்லவே இல்லை. முள்ளம்பன்றி கொறிக்கும் இனம், 10 கிலோவைத் தாண்டும், முள் கழன்று விழும் (எய்யாது, அது கதை). முள்ளெலி உள்ளங்கையில் அடங்கும், எலியே அல்ல, பூச்சி தின்னும் இனம். முள் கழலாது. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய முள்ளெலி இனம் நம் தேரி எனும் செம்மணல் மேட்டிலும் முள்காட்டு ஓரத்திலும் வாழ்கிறது. மழை பெய்த இரவில் ஈசலும் வண்டும் தின்ன வெளியே வந்து, தார்ச்சாலையில் வெளிச்சத்தைக் கண்டதும் சுருண்டு நிற்கும். ஓநாய்க்கு எதிராக வேலை செய்யும் தந்திரம் டயருக்கு எதிராக வேலை செய்வதில்லை. கக்குவான் இருமலுக்கு இதன் முள்ளைச் சுட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. கக்குவானுக்குத் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம்.

அழுங்கு இங்கே உண்டா?

உண்டு (எறும்புதின்னி என்பதும் இதுதான்), மிகக் குறைவு. அதன் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது, மருந்துக் குணம் எதுவுமில்லை. கண்டால் இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

கோடையில் புள்ளிமான் ஊருக்குள் வருகிறது. பிடித்துக் காப்பாற்றலாமா?

சாயல்குடி, கமுதிப் பக்கம் சீமைக்கருவேலங்காடுகளில் மான் உண்டு. கண்மாய் வற்றினால் தண்ணீருக்கு வெளியே வரும், நாய் துரத்தும், கிணற்றில் விழும். துரத்திப் பிடிக்காதீர்கள். பயந்து ஓடிய மானின் தசை சிதைந்து, காயமே இல்லாமல் சில மணி நேரத்திலோ மறுநாளோ செத்துவிடும். நாய்களை விரட்டுங்கள், வழியைத் திறந்துவிட்டு ஒதுங்குங்கள். காயப்பட்டுக் கிடந்தால் கண்ணைத் துணியால் மூடினாலே பாதி அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

காட்டுப்பன்றி நிலக்கடலையை அழிக்கிறது. மின்சாரம் வைக்கலாமா?

கூடாது. நேரடி மின்சாரத்தில் முதலில் சாகிறவர் அநேகமாக விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்துக்காரர். நாட்டு வெடியில் பன்றியைவிட நரியும் மாடும் வாய் கிழிந்து சாகின்றன. சேதத்தைப் படமெடுத்து வனத்துறையில் மனுக் கொடுங்கள். சுடும் அதிகாரம் வனத்துறையினருக்கு மட்டும்தான்.

இவற்றைக் கொன்றால் என்ன தண்டனை?

வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆவுளியா, ஓங்கில், அழுங்கு எல்லாம் அதில் அடக்கம்.

ராமேசுவரத்து அணிலுக்கு மூன்று கோடு ஏன்?

ராமர் வருடியது என்பது கதை. தென்னிந்திய அணிலுக்கு மூன்று கோடு, வடநாட்டு அணிலுக்கு ஐந்து. அங்கே யார் வருடினார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

எப்போது, எங்கே போனால் பார்க்கலாம்?

காற்றைப் பார்த்துப் போங்கள். வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதி. கச்சானும் (மேல்காற்று) சோழகமும் (தென்காற்று) வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். கண்ணாடி போலக் கடல் கிடக்கும் காலையில்தான் ஓங்கிலின் துடுப்பு தூரத்திலிருந்தே தெரியும். பாம்பன் பாலம் நல்ல இடம், அரிச்சல்முனையிலும் அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு. தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. வனத்துறை நடத்தும் படகுச் சவாரிகள் காரங்காட்டிலும் பிச்சைமூப்பன்வலசையிலும் இருக்கின்றன. ஓங்கில் கூட்டத்தை வெட்டிக்கொண்டு படகை ஓட்டச் சொல்லாதீர்கள். இன்ஜினைக் குறைத்துப் பக்கவாட்டில் போனால் அதுவே கிட்டே வரும்.

விலங்கு கண்ணில் படுவதே இல்லை. தடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதுதான் எளிது. காற்று எழும்பி மணலை மூடுவதற்கு முன், சூரியன் சாய்வாக இருக்கும் காலையில் போங்கள். உச்சி வெயிலில் தடத்துக்கு நிழல் இருக்காது. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். நாணயம் 27 மில்லிமீட்டர், அதை வைத்துப் பிறகு அளந்துகொள்ளலாம்.

நான்கு விரல், நகம் பதியவில்லை, வட்டமாக இருக்கிறது என்றால் காட்டுப்பூனை (அல்லது வீட்டுப்பூனை, அளவு பார்க்க வேண்டும்). நகக்குறியோடு ஐந்து விரல் என்றால் கீரி. இரண்டு நீளமான தடம் முன்னாலும் இரண்டு சிறியவை பின்னாலும் இருந்தால் முயல்; நீளமானவை அதன் பின்னங்கால்கள், தாவும்போது முந்திக்கொள்ளும். நாய்க்கும் நரிக்கும்தான் திணறல். நரியின் நடு விரல்கள் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருக்கும், ஈர மணலில் பதிந்தால் அந்த இணைப்பு தெரியும். நாய்க்கு இரண்டும் தனித்தனி. நாயின் தடம் முன்னும் பின்னும் அலையும்; நரி வேலையிருப்பவர்போல நேர்கோட்டில் போயிருக்கும். காய்ந்த மணலில் இது எதுவும் தெரியாது, அலை நனைத்த ஓரத்துக்குப் போங்கள்.